தம்பிக்கு பைக் சாவி கொடுத்தா உங்களுக்கும் ஜெயிலா? 18 வயசுக்குள் சட்டம் சொல்வது என்ன?

பிளஸ் டூ படிக்கிற தம்பி, "கடை வரைக்கும்தான்" என்று உங்க பைக் சாவியைக் கேட்கிறான். கொடுத்துடுறீங்க. அப்புறம் ஏதாவது நடந்தா, சட்டம் உங்களையும் தேடி வரும். இந்த மாதிரி நமக்குத் தெரியாமலே மாட்டிக்கொள்ளும் சில இடங்களைப் பார்ப்போம்.

சாவி யாருடையது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்டது 199ஏ பிரிவு. 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்" என்றால், அதை நிரூபிக்க வேண்டியதும் நீங்கதான்.

போன் பேசிக்கிட்டே ஓட்டினா?

ஓட்டும்போது போனைக் கையில் வைத்திருப்பதும், ரெட் சிக்னலைத் தாண்டுவதும் 184-வது பிரிவின்படி 'ஆபத்தான ஓட்டம்' ஆகலாம். முதல் முறையே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அலட்சியத்தால் உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறை.

பைக்கில் அக்கா குழந்தையை ஏற்றிப் போறீங்களா? 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

"அவளேதான் வந்தா..."

ஜூலை 1, 2024 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ் 137-வது பிரிவின்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைப் பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் அழைத்துப் போவதோ, ஆசை காட்டிக் கூப்பிடுவதோ கடத்தல். 7 ஆண்டுகள் வரை சிறை. பழைய சட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கு 16 என்று இருந்த வயது, இப்போது இருவருக்குமே 18.

வற்புறுத்தல் இல்லாமல் தானாகவே வந்த, 18 வயதை நெருங்கிய பெண்ணின் வழக்கில், அது 'அழைத்துச் செல்வது' ஆகாது என்று 1964-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. சென்னையிலிருந்து போன வழக்குதான் அது. ஆனால், இதை நம்பி இறங்கிடாதீங்க. 2012-ல் வந்த போக்சோ சட்டத்தில், பாலியல் உறவுக்கு 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் சம்மதம் செல்லாது.

குழந்தைக்கு ஆபத்துன்னா?

* குழந்தையைக் காணோமா? "24 மணி நேரம் கழிச்சு வாங்க" என்ற பேச்சுக்கே இடமில்லை. உடனே எஃப்.ஐ.ஆர் போட வேண்டும் என்பது 2013-ன் உச்ச நீதிமன்ற உத்தரவு.

* சம்பவம் எங்கே நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

* குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே போக்சோவில் குற்றம்.

1098, 112. இந்த ரெண்டு நம்பரையும் இப்பவே போனில் சேவ் பண்ணிடுங்க.