வால்ஐ மீன்பிடிப்பும் ஓஜிப்வே மக்களின் உரிமையும்

முன்னுரை

ஓரினத்தாரின் வாழ்வியலை அறிவதற்கு இலக்கியமும் ஆவணமும் மட்டுமன்றிப் புழங்குபொருள்களும் சான்றாகின்றன. வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில் மீன்பிடிக் கருவியொன்று நீதிமன்ற வழக்கின் பொருளாகவே ஆயிற்று. வால்ஐ என்னும் மீனைப் பிடிக்கும் முறைகளையும் அவற்றை ஒட்டி எழுந்த உரிமைப் போராட்டத்தையும் நோக்கி, மரபு என்பது கருவியைச் சார்ந்ததா, உரிமையைச் சார்ந்ததா என்னும் வினாவுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீனின் இயல்பு

வால்ஐ குளிர்நாட்டு நன்னீர் மீனாகும். பெயரொலி நெருங்கியிருப்பினும் நம் இலக்கியங்கள் கூறும் வாளை மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதன் அறிவியற்பெயர் சாண்டர் விட்ரியஸ். விட்ரியஸ் என்பது 'கண்ணாடி போன்ற' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். இம்மீனின் விழியைச் சுட்டுவது. விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் இம்மீன் மங்கிய ஒளியிலும் இரை தேடும். விளக்கொளி பட்டால் அதன் கண் சுடர்விடும். இளவேனிலில் பனிக்கட்டி உருகியதும் பரற்கற்கள் நிறைந்த ஆழமற்ற கரையோரங்களுக்கு இரவில் வந்து முட்டையிடும். பிடிக்கும் முறைகள் பலவும் இவ்வியல்புகளை அடியொற்றியே அமைந்தன.

தீப்பந்தமும் ஈட்டியும்

ஓஜிப்வே மக்கள் இம்மீனை 'ஓகா' என்பர். பிர்ச் மரப்பட்டையால் ஆன தோணியின் முகப்பில் தீப்பந்தம் ஏற்றி, சுடரும் கண்களைக் குறியாகக் கொண்டு, கூர்முனைகள் பல உடைய ஈட்டியால் குத்தினர். இவ்வழக்கத்தின் பழமைக்கு ஊர்ப்பெயரே சான்றாகும். விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ஓஜிப்வே ஊரொன்று அவர்தம் மொழியில் 'வாஸ்வாகனிங்' எனப்படும். பந்த ஒளியில் மீன் குத்துமிடம் என்பது பொருள். பிரெஞ்சு வணிகர் இதனை 'லாக் டு ஃப்ளாம்போ', அதாவது தீப்பந்த ஏரி, என வழங்கினர். அண்டை இனத்தாரான மெனோமினியர் ஃபாக்ஸ் ஆற்றில் இவ்வாறே மீன் பிடித்ததைப் பால் கேன் என்னும் ஓவியர் 1845இல் கண்டு ஓவியமாக்கினார்.

தூண்டில்முறையின் வளர்ச்சி

பொழுதுபோக்காக மீன் பிடிப்போரின் முறை தூண்டிலாகும். ஈயத்தலை கொண்ட முள்ளில் சிறுமீன், அட்டை, மண்புழு ஆகியவற்றைக் கோத்து ஏரியின் அடிப்பரப்பை ஒட்டி இழுப்பர். இம்முறை இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் மாறியது. பின்லாந்தில் லாரி ரப்பாலா 1936இல் செதுக்கிய செயற்கை மீன், 1960களில் அமெரிக்காவில் பரவியது. நைலான் நரம்பு பழைய நூலின் இடத்தைப் பிடித்தது. 1950களின் இறுதியில் ஒலியலையால் ஆழமும் மீனிருப்பும் காட்டும் கருவி படகுகளுக்கு வந்தது. 1960களின் பிற்பகுதியில் லிண்ட்னர் சகோதரர்கள் பரப்பிய அமைப்பில் நரம்பு ஈயக்குண்டினூடே வழுக்கிச் செல்வதால், இரையைக் கவ்வும் மீன் எடையை உணர்வதில்லை. இம்மாற்றங்களால் தூண்டிலாளர் தம் உரிமையை இழந்தனர் என எவரும் கூறவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

உடன்படிக்கையும் வழக்கும்

1837, 1842ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் ஓஜிப்வே மக்கள் பெரும் நிலப்பரப்பை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தனர். எனினும் அந்நிலத்தில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவுமான உரிமையை நிறுத்திக்கொண்டனர். பின்னாளில் மாநில அரசு அவ்வுரிமையை ஏற்கவில்லை. 1974இல் ஒதுக்கிடத்திற்கு வெளியே ஈட்டியால் மீன் பிடித்த சகோதரர் இருவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அதனை ஒட்டி எழுந்த வழக்கில், உரிமை அழியவில்லை என 1983இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதன்பின் இளவேனில் இரவுகளில் படகுத்துறைகளில் எதிர்ப்பாளர் திரண்டனர். கல்லெறிதலும் இழிசொல்லும் 1990களின் தொடக்கம் வரை நிகழ்ந்தன. உடன்படிக்கைக் காலத்து உரிமை வேண்டுமெனில் மரப்பட்டைத் தோணியும் தீப்பந்தமுமே கொள்ள வேண்டும் என்பது எதிர்ப்பாளர் வாதங்களுள் ஒன்று. உடன்படிக்கைக் கால முறைகளோடு பின்னர்த் தோன்றிய முறைகளையும் கையாளலாம் என 1987இல் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே, விசைப்படகும் மின்கல விளக்கும் உரிமைக்கு முரணாகா.

மீன்வளம் அழியும் என்ற அச்சமும் ஆராயப்பட்டது. ஏரிதோறும் பிடிக்கத்தக்க அளவு வரையறுக்கப்பட்டு, குத்திய மீன்கள் கரையிலேயே எண்ணப்பட்டன. ஈட்டிமுறை மீன்வளத்திற்குக் கேடு செய்யவில்லை என 1991இல் வெளியான கூட்டாய்வறிக்கை கூறியது. சில ஏரிகளில் தூண்டிலாளரின் நாளளவு குறைக்கப்பட்டமை மனக்கசப்புக்குக் காரணமாயிற்று என்பதும் மறுக்கவியலாது. மினசோட்டா மாநிலத்தில் இதே உரிமை பற்றி எழுந்த வழக்கில், 1999இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் 1837ஆம் ஆண்டு உரிமையை உறுதி செய்தது.

நிறைவுரை

தீப்பந்தம் மின்விளக்காயிற்று, ஆயினும் சுடரும் கண்ணைக் குறிபார்க்கும் அறிவு மாறவில்லை. தூண்டிலாளரின் கருவி மாறுவதை வளர்ச்சி என்றும், தொல்குடியினரின் கருவி மாறுவதை மரபுச் சிதைவு என்றும் கொள்வது நடுநிலையாகாது. புழங்குபொருளை ஆராய்வோர் அதன் வடிவத்தோடு, அதனைக் கையாள்வோரின் உரிமையையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபாகும்.