கணனியின் முதற் காரியஸ்தன்

வீட்டார் யாவரும் உறங்கிக்கொண்டிருக்கையில் விடியுமுன் எழுந்து, விளக்கேற்றி, வாயிற்கதவைத் திறந்து, ஏனையோரை ஒவ்வொருவராய் எழுப்பிவிடும் பழைய காரியஸ்தனைப் போன்ற ஒருவன் கணனிக்குள்ளும் உளன். மின்னாளியைப் போட்டதும் கேர்னல் எனப்படும் கருநிரல் விழித்துக்கொள்கிறது. தன் ஆயத்தங்கள் முடிந்ததும் அது ஒரேயொரு செய்நிரலை ஏவுகிறது. இனிற் என்பது அதன் பெயர். ஒன்று என்பது அதன் இலக்கம். பின்னர் எழும் பணிகள் யாவும் அதன் வழிவந்தவையே. அது மடியுமாயின் கணனியும் நின்றுபோம்.

இக்காரியஸ்தனுக்கும், வட்டுக்களைக் கணனியோடு தாமாகவே இணைத்துவிடும் ஏவலாளர் சிலருக்கும் இடையே மூண்ட பிணக்கு ஒன்று உண்டு. கேட்பதற்கு அற்பமான சச்சரவு போலத் தோன்றும். ஆனால் இணையத்தொடர்பைப் பகிர்ந்தளிக்கும் பெட்டி, தொழிற்சாலையின் கட்டுப்பாட்டுக் கருவி, தொலைக்காட்சிப் பெட்டி முதலிய பலவற்றின் வயிற்றினுள்ளும் இன்று லினக்ஸ் முறைமை பொதிந்துள்ளது. அவற்றுட் பலவற்றுக்கு விசைப்பலகை இல்லை. அருகே நின்று பிழைதிருத்துவாரும் இல்லை. அங்கே இப்பிணக்கு நேருமாயின் கருவி ஊமையாகிவிடும்.

ஆதியிற் பிணக்கு ஏதும் இருந்ததில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸ் முறைமையின் முதற்பதிப்பு 1971ஆம் ஆண்டுக்குரியது. அதில் இரண்டாவது வட்டை இணைக்கும் வேலையை இனிற் நிரலே தன் கையாற் செய்தது. இணைத்தல் என்பது ஒட்டுமாங்கன்று கட்டுவதை ஒத்த செயல். வட்டிலுள்ள கோப்புகள் அனைத்தும், முறைமையின் கோப்பு மரத்தில் ஒரு கிளையாக வந்து பொருந்துகின்றன. காரியஸ்தனும் ஒட்டுக்கட்டுவோனும் அன்று ஒருவனே.

வேலை பெருகவே, பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. தொடக்கக் கட்டளைகள் தனி ஏட்டுக்குப் போயின. 1983இல் வெளிவந்த சிஸ்டம் ஃபைவ் என்னும் யுனிக்ஸ் வகை, எந்நிலையில் எந்தப் பணிகள் எழவேண்டும் என்பதற்கு ஒரு பட்டியலை வகுத்தது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபின், அம்மரபே அங்கும் நெடுங்காலம் நிலைத்தது. வட்டுக்களின் பெயர்கள் எப்ஸ்ராப் என்னும் அட்டவணையில் எழுதப்பட்டன; தொடக்கத்தில் ஒருமுறை அவை இணைக்கப்பட்டன; அவ்வளவே. இல்லாத வட்டொன்று அட்டவணையில் இருப்பின், பழைய காரியஸ்தன் ஒரு முறைப்பாட்டை முணுமுணுத்துவிட்டுப் பெரும்பாலும் அப்பாற் சென்றான்.

யூஎஸ்பி நினைவுக்குச்சி வந்த பின்னர் இது போதவில்லை. எந்நேரமும் சொருகப்படலாம், எந்நேரமும் பிடுங்கப்படலாம் என்ற பொருளைக் காலையில் எழுதிய அட்டவணை எவ்வாறு அறியும்? 2003இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய யூடெவ் என்னும் காவலன் இக்குறையைத் தீர்த்தான். புதிய சாதனம் வந்ததைக் கருநிரல் அறிவிக்க, அவன் விதிகளைப் பார்த்து ஒரு சிறு கட்டளை ஏட்டை ஓட்டுவான். அவ்வேடு வட்டை இணைத்துவிடும். சிறு கருவிகளுக்கான லினக்ஸைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டும் ஓபன் எம்பெடெட், 2010இல் தொடங்கிய யொக்டோ ஆகிய திட்டங்களில் இத்தகைய ஏடொன்று ஆயத்தமாகவே கிடைத்தது. (அத்திட்டங்களில் ஒவ்வொரு பாகத்தின் செய்முறைக்கும் சமையற்குறிப்பு என்றே பெயர். ஒரே குழம்பில் இருவர் உப்பிட்ட கதையே பின்னர் நிகழ்ந்தது.)

அதே 2010ஆம் ஆண்டு ஏப்பிரலில் லெனார்ட் போற்றரிங் என்னும் ஜெர்மானியர் சிஸ்டம்டி என்னும் புதிய காரியஸ்தனை அறிமுகஞ்செய்தார். பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக அன்றி ஒருங்கே எழுப்புவதே அதன் நோக்கம். வட்டு இணைப்பும் மீண்டும் முதற் காரியஸ்தனின் கைக்கே வந்தது. அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் அது தன் பொறுப்பிலுள்ள அலகாக மாற்றிக்கொண்டது. ஒரு கோப்புறையை எவரேனும் நாடும்வரை காத்திருந்து, நாடிய கணத்தில் வட்டை இணைக்கும் தந்திரத்தையும் மேற்கொண்டது. 2012இல் யூடெவும் அதன் குடும்பத்துடன் இணைக்கப்பட்டது. டெபியன் சங்கத்தார் 2014இல் இதன்பொருட்டு நிகழ்த்திய வாதம் உலகறிந்தது. அந்த ஆரவாரத்தைவிட, சிறு கருவிகளுள் ஓசையின்றி நேர்ந்த கேடுகளே கூடிய கவனத்துக்குரியவை.

புதிய காரியஸ்தன் வந்துவிட்டான். பழைய ஏவலாளன் விலக்கப்படவில்லை. யூடெவைச் சிஸ்டம்டி தனியானதோர் இணைப்பு வெளியில் அடைத்துவைத்தது. ஆகவே பழைய ஏடு வட்டை இணைத்து, வெற்றி என்று குறித்துவிடும். ஆயினும் ஏனைய செய்நிரல்களுக்கு அக்கோப்புறை வெறுமையாகவே தோன்றும். அங்கே எழுதப்படும் பதிவுகள் வட்டுக்குப் போகாமல் கருவியின் சிறிய உள்நினைவகத்தை நிரப்பிவிடும். பின்னொருநாள் வட்டு செவ்வனே இணைந்தால், முன்னெழுதியவை அதனடியில் மறைந்துபோம். தேடுவோர் தரவு அழிந்ததென எண்ணுவர். அது அழியவில்லை, மூடப்பட்டுக் கிடக்கிறது.

மற்றொரு கேடு இதனிலும் கொடிது. அட்டவணையிற் குறித்த வட்டு இல்லையெனில், சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி காத்திருந்து, பின் அவசரநிலையிற் புகுந்து மனிதனின் கட்டளையை எதிர்பார்க்கும். மேசைக்கணனியில் அது நியாயமே. கூரைமேல் பொருத்திய பெட்டியில், யார் வந்து கட்டளையிடுவார்? வட்டில்லாவிடினும் தொடர்க எனப் பொருள்படும் நோஃபெயில் என்ற ஒரு சொல்லை அட்டவணையிற் சேர்த்திருந்தால் அப்பெட்டி பிழைத்திருக்கும்.

பரிகாரம் வட்டு இணைக்கும் வேளையில் அன்று, முறைமையைக் கட்டும் வேளையிலேயே தொடங்குகிறது. முன்னர் யொக்டோவில் காரியஸ்தனை மாற்றுவோர் பல மாறிகளைத் தனித்தனியே திருத்தவேண்டியிருந்தது. ஒன்றை மறந்தாலும் பழைய ஏடுகள் உள்ளே தங்கிவிடும். 2019இல் வெளியான 3.0 பதிப்பில் இனிற்-மனேஜர் என்னும் ஒரே மாறியால் அவை யாவும் ஒழுங்குசெய்யப்பட்டன. அடுத்ததாக, நிலையான வட்டுக்கு அட்டவணையே அதிகாரி. அவ்வட்டின் பெயர் யூடெவ் ஏட்டின் விலக்குப் பட்டியலிற் சேரவேண்டும். சொருகிப் பிடுங்கப்படும் வட்டுக்கு, 2016இல் வந்த சிஸ்டம்டி-மவுண்ட் என்னும் கருவி உண்டு. அது தானாக வட்டை இணைப்பதில்லை. முதற் காரியஸ்தனிடம் விண்ணப்பிக்க, அவனே இணைக்கிறான்.

ஓபன் எம்பெடெட்டின் அவ்வேடும் பிற்காலத்தில் திருத்தப்பட்டது. வட்டைத் தொடுமுன், இனிற் என்ற பெயர் எந்த நிரலைச் சுட்டுகின்றது என்று முதலில் விசாரிக்கிறது. சிஸ்டம்டியாயின் அதனிடம் வேலையை ஒப்படைக்கிறது. வேறெவராயினும், பழைய வழக்கப்படி தானே ஒட்டுக்கட்டுகிறது.