இல்லத்துள் கிறிஸ்துமஸ் விளக்கு: தோற்றமும் பரவலும்

ஒரு வழக்கத்தின் வரலாற்றை எழுதப் புகுவார், அது முதன்முதல் எங்கே, எவரால், எந்த ஆண்டில் தோன்றிற்று என்னும் வினாவோடு தொடங்குவர். அதற்கு விடை கண்டவுடன் தம் பணி முடிந்ததாகவும் கொள்வர். ஆயின், ஒரு பொருள் தோன்றிய காலம் வேறு. அது மக்களின் இல்லங்களைச் சென்று சேர்ந்த காலம் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவற்றை விடுத்து எழுதப்படும் வரலாறு குறையுடையதே ஆகும். கிறிஸ்துமஸ் நாளில் வீட்டின் உட்புறத்தை விளக்குகளால் அணி செய்யும் மேலை நாட்டு வழக்கத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வுண்மையை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வழக்கத்தின் தோற்றம் குறித்துப் பலரும் அறிந்த செவிவழிக் கதை ஒன்று உண்டு. செருமானியச் சமயச் சீர்திருத்தத் தலைவராகிய மார்ட்டின் லூதர், குளிர்கால இரவொன்றில் ஊசியிலை மரங்களின் ஊடே விண்மீன்கள் ஒளிர்வதைக் கண்டு வியந்து, அக்காட்சியைத் தம் மனைவி மக்களுக்குக் காட்டும் பொருட்டு வீட்டினுள் மரம் நட்டு மெழுகுதிரிகளை ஏற்றினார் என்பது அக்கதை. கேட்பதற்கு இனியதே, எனினும் 1546ஆம் ஆண்டில் மறைந்த லூதரின் காலத்துச் சான்று எதுவும் இதற்கு இல்லை. இக்கதையை நாடறியச் செய்தவை 19ஆம் நூற்றாண்டின் ஓவியங்களும் நூல்களுமே. 1605ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகர மக்கள் தம் வீட்டுக் கூடங்களில் மரங்களை நிறுத்தியதைக் கூறும் குறிப்பு ஒன்று கிடைக்கின்றது. அதில் தாளால் செய்த ரோசாப் பூக்களும் ஆப்பிள் பழங்களும் இனிப்புப் பண்டங்களும் கூறப்படுகின்றன, விளக்கு கூறப்படவில்லை. ஆகவே மரம் வீட்டினுள் புகுந்த காலத்தையும் ஒளி அம்மரத்தில் ஏறிய காலத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

மரத்தில் ஒளி ஏற்றியதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் சிறந்தது ஒரு மடலாகும். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் இளவலை மணந்த செருமானிய இளவரசி எலிசபெத் சார்லட், 1708ஆம் ஆண்டில் தம் மகளுக்கு எழுதிய மடலில், ஹனோவர் அரண்மனையில் கழித்த தம் இளமைப் பருவத்தை நினைவுகூர்கிறார். மேசைகளின்மேல் சிறு மரங்கள் வைக்கப்பட்டிருந்தன என்றும், ஒவ்வொரு கிளையிலும் ஒரு மெழுகுதிரி பொருத்தப்பட்டிருந்தது என்றும் அவர் எழுதுகிறார். அவர் ஹனோவரில் வாழ்ந்தது 1660ஆம் ஆண்டை ஒட்டிய காலமாகும். எனவே 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே அரண்மனைகளில் இவ்வழக்கம் இருந்தமை தெளிவு.

ஆயின் அரண்மனையில் இருந்தமையால் ஊரார் இல்லங்களிலும் இருந்தது எனல் ஆகாது. அந்நாளில் தேன்மெழுகாலான திரி விலை மிக்கது. பொதுமக்கள் விலங்குக் கொழுப்பாலான திரியையே எரித்தனர். 1774ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வெர்தர்’ என்னும் புதினத்தில் கெத்தே மெழுகுதிரி ஏற்றிய மரத்தைக் குறிப்பிடுகிறார். அதற்குள் இவ்வழக்கம் நகரத்து நடுத்தர வகுப்பாரிடமும் பரவியிருந்தது எனக் கொள்ளலாம். எனினும் அது பெருவழக்காதற்கு வேதியியலின் துணை வேண்டியிருந்தது. 1825ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்களாகிய செவ்ரேலும் கே-லூசாக்கும் கொழுப்பிலிருந்து ஸ்டியரின் என்னும் பொருளைப் பிரித்துத் திரி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். நூற்றாண்டின் இடையில் பாரஃபின் மெழுகும் வந்து சேர்ந்தது. திரியின் விலை குறைந்தது. 1848ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியின் குடும்பம் ஒளியேற்றிய மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை லண்டன் இதழ் ஒன்று வெளியிட்டது. 1850ஆம் ஆண்டில் அமெரிக்க இதழ் ஒன்று அதே படத்தை அரசியின் முடியணியை நீக்கி வெளியிட்டது. அரச குடும்பத்தின் வழக்கம் எளிய குடும்பத்தின் வழக்கமாகத் தோன்றவேண்டும் என்பதே அந்நீக்கத்தின் கருத்து என்பது வெளிப்படை. இங்ஙனம் ஹனோவர் அரண்மனையிலிருந்து நடுத்தர இல்லங்களின் கூடத்துக்கு வர இவ்வொளிக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் தேவைப்பட்டன.

இனி மெழுகுதிரியின் இயல்பை நோக்குதல் வேண்டும். வெட்டிய மரம் வீட்டினுள் நாள்தோறும் உலர்வது. அதன் இலைகளில் பிசின் மிகுதி. அதனிடையே திறந்த சுடரை வைத்தல் தீயை அழைத்தலே ஆகும். ஆதலின் திரிகள் மிகச் சிறிது நேரமே எரிந்தன. குடும்பத்தார் அனைவரும் கூடியிருக்க, மூத்தவர் ஒருவர் திரிகளை ஏற்றுவார். பக்கத்தில் வாளியில் நீரோ மணலோ இருக்கும். பார்த்து முடிந்தவுடன் எல்லாத் திரிகளும் அணைக்கப்படும். அக்காலத்து ஒளியழகு காவலோடு கூடிய அழகு. காண்பவர் இல்லாத இடத்தில் அது ஒளிர்ந்ததில்லை.

இக்காவலை வேண்டாததாக்கியது மின்சாரம். 1882ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள் நியூயார்க்கு நகரத்தில் எடிசனின் முதல் நடுவண் மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில், எடிசனின் கூட்டாளியும் அவருடைய மின்விளக்கு நிறுவனத்தின் துணைத் தலைவருமாகிய எட்வர்ட் ஜான்சன், அந்நகரத்திலிருந்த தம் வீட்டுக் கூடத்தில் மின்விளக்கு மரத்தை அமைத்தார். சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்களில் 80 சிறு குமிழ்கள் அதில் இருந்தன. மரம் மின்விசையால் சுழன்றது. அதனை நேரில் கண்டு எழுதிய செய்தியாளர் டெட்ராய்ட் நகர இதழைச் சார்ந்தவர். கூடத்தின் மேற்கூரைக்குக் குறுக்காக இரு கம்பிகள் கட்டப்பட்டு, அவற்றில் மேலும் 28 குமிழ்கள் தொங்கின என்று அவர் குறித்துள்ளார். இக்குறிப்பை ஆய்வாளர் பலரும் மரத்தின் புகழில் மறந்துவிடுகின்றனர். மரத்தை விட்டு நீங்கி, வீட்டின் உட்புறம் முழுவதையும் தழுவும் விளக்கணியின் தொடக்கத்தை நாம் அவ்விரு கம்பிகளிலேயே காண்கின்றோம். சுடரை அவ்வாறு கம்பியில் கோத்துத் தொங்கவிடுதல் எளிதன்று. மின்குமிழைத் தொங்கவிடுதல் இயலும்.

ஜான்சன் மின்விளக்கை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதையும் மறத்தல் ஆகாது. இல்லத்து விழா ஒன்று இங்கே வணிகத்தின் காட்சியும் ஆயிற்று. ஆயினும் காட்சியைக் கண்டோர் எல்லாரும் அதனைப் பெற இயலவில்லை. வீட்டில் மின்னிணைப்பு வேண்டும். ஒவ்வொரு குமிழையும் கம்பியோடு தனித்தனியே இணைக்க மின்வினைஞர் ஒருவரை அமர்த்தவும் வேண்டும். 1903ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் முன்னரே கோக்கப்பட்ட விளக்குச் சரங்களை விற்கத் தொடங்கிய பின்னரே வினைஞரின் தேவை நீங்கிற்று. அச்சரங்களும் நெடுங்காலம் செல்வர்க்கே உரியனவாய் இருந்தன.

பிற்காலத்தில் பெருகிய சரங்களுள் 8 குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இருந்தன. ஒவ்வொன்றும் 15 வோல்ட் ஏற்க, 8 குமிழ்களும் சேர்ந்து 120 வோல்ட் ஏற்றன. ஒன்று பழுதுற்றால் எட்டும் அணையும். எது பழுது என அறிய, நல்ல குமிழ் ஒன்றை ஒவ்வோரிடத்திலும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். ஒன்று அணையினும் ஏனையவை எரியும் பக்க இணைப்புச் சரங்கள் 1927ஆம் ஆண்டில் வந்தன.

இவ்வளர்ச்சியை மட்டும் எழுதி நிறுத்துவோமாயின் நம் வரலாறு நகரத்தின் வரலாறாகவே முடியும். நாட்டுப்புறத்தில் நிகழ்ந்தது வேறு. வீட்டு மரத்தைப் போன்றே ஊரார் கூடும் பள்ளியிலும் மரம் வைத்துத் திரி ஏற்றுதல் அங்கு வழக்கம். 1924ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் இரவு, ஓக்லஹோமா மாநிலத்து ஹோபார்ட் நகருக்கு அருகே, பாப்ஸ் ஸ்விட்ச் என்னும் இடத்திலிருந்த ஓரறைப் பள்ளியில் மக்கள் நெருங்கிக் கூடியிருந்தனர். மரத்திலிருந்து பரிசுப் பொருள்களை எடுக்கும் வேளையில் மெழுகுதிரியின் சுடர் பற்றிக்கொண்டது. கதவு உட்புறமாகத் திறப்பது. சன்னல்களில் கம்பிவலை இறுகப் பொருத்தப்பட்டிருந்தது. 36 பேர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர்.

ஆண்டுகளைக் கணக்கிட்டு நோக்குக. ஜான்சனின் கூடத்தில் மின்குமிழ்கள் ஒளிர்ந்து 42 ஆண்டுகளும், கோத்த சரங்கள் கடைக்கு வந்து 21 ஆண்டுகளும் கழிந்தபின் இது நிகழ்ந்தது. சுடரில்லா விளக்கு உலகில் இல்லாமையால் அவர்கள் இறக்கவில்லை. அது அவர்களைச் சென்று சேராமையால் இறந்தனர். 1930களின் இடைப்பகுதியிலும் அமெரிக்க நகரத்தாருள் பத்தில் ஒன்பதின்மர்க்கு மின்சாரம் இருக்க, உழவர் இல்லங்களிலோ பத்தில் ஒன்றற்கே அஃது இருந்தது. தனியார் நிறுவனங்கள் தொலைவிலுள்ள பண்ணைகளுக்குக் கம்பி இழுத்தல் ஊதியம் தாராது எனக் கருதின. 1935ஆம் ஆண்டில் அரசு நாட்டுப்புற மின்வசதி ஆணையத்தை அமைத்து, கூட்டுறவு முறைக்குக் கடனளித்த பின்னரே இந்நிலை மாறலாயிற்று.

பின்னர் வந்தவை விரைந்து பரவின. 1946ஆம் ஆண்டில் குமிழியெழும் நீர்மம் கொண்ட விளக்குகள் விற்பனைக்கு வந்தன, பின்னர் 2.5 வோல்ட் ஏற்கும் சின்னஞ்சிறு குமிழ்கள் ஐம்பது கொண்ட சரங்களும், 1990களின் இறுதியில் எல்.இ.டி. விளக்குகளும் தோன்றின. சன்னல், மாடிப்படியின் கைப்பிடி, கணப்படுப்பின் மேற்பலகை என வீட்டின் உட்புறமெங்கும் ஒளி பரவிற்று. காப்பார் வேண்டாமையால் காண்பார் இல்லாதபோதும் அது எரிகின்றது. சிறிது நேரம் அனைவரையும் ஒருங்கு கூட்டிய காட்சி, பல நாள் எரியும் பின்னணியாயிற்று. இஃது ஓர் இழப்பே என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் பாப்ஸ் ஸ்விட்ச் பள்ளியை நினைவார் அவ்விழப்பைப் பெரிதெனக் கொள்ளார்.

இதுகாறும் கூறியவற்றால், முதல் விளக்கை ஏற்றியவர் பெயரும் ஆண்டும் ஒரு வழக்கத்தின் வரலாற்றில் ஒரு பகுதியே என்பது பெறப்படும். தேன்மெழுகு ஸ்டியரினாகும் வரை ஒருமுறையும், மின்கம்பி பண்ணையை எட்டும் வரை மற்றொருமுறையும் இவ்வொளி வாயிற்படியிலேயே நின்றது. அவ்வாறு நின்ற காலத்தில் வாழ்ந்தோரும் வரலாற்றுக்கு உரியவரே. அவர்களையும் கணக்கில் கொள்ளும் நூலே முழுமையான வரலாற்று நூலாகும் என்பது எம் துணிபு.