ஓபன் டெலிவரி

குட்ஸ் ஷெட்டுக்குச் சரக்கு எடுக்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் மூட்டையின் தையலைப் பார்ப்பார்கள். 1968இல் ரயில்வேயில் குட்ஸ் கிளார்க்காக நான் சேர்ந்தபோது பெரியவர்கள் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான். வழியில் பிரித்துத் திருடியவன் கையில் கிடைத்த சணலால் மறுபடி தைத்திருப்பான். பழைய ஊசித் துளைகள் பக்கத்திலேயே காலியாகத் தெரியும். எண்ணெய் டின் என்றால் கசிவு புதிதா, தூசி படிந்து காய்ந்ததா என்று பார்க்க வேண்டும். மிளகாய் மூட்டையில் ஈரம் மேலிருந்து இறங்கியிருந்தால் வேகன் கூரை ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம்.

சந்தேகம் வந்தால் ‘ஓபன் டெலிவரி வேண்டும்’ என்று எழுதிக் கொடுப்பார்கள். ரயில்வே தரப்பில் ஒருவர், கடைத் தரப்பில் ஒருவர், இருவர் கண்முன்னே மூட்டையைப் பிரித்து, எடை போட்டு, குறைவையும் சேதத்தையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுவோம். நனைந்த சரக்கில்தான் வாக்குவாதம். நூற்றுக்கு எவ்வளவு சேதம் என்று ஓர் எண்ணை எழுதியாக வேண்டுமே. “சார், நீங்களே மோந்து பாருங்க, இந்தப் பருப்பை யாரு வாங்குவா?” என்று கணக்கப்பிள்ளை ஒரு கை அள்ளி நீட்டுவார். அவர் நாற்பது என்பார், நான் இருபது என்பேன். எந்த எண்ணில் முடிந்தாலும் அது இருவரும் சேர்ந்து பார்த்து எழுதிய எண். பிறகு எந்த ஆபீசுக்குப் போனாலும் அந்தத் தாளைத் தள்ளிவிடுவது எளிதல்ல.

அந்தத் தாளின் அருமை, அதற்கு முந்தைய காலத்து வியாபாரி பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856இல் ரயில் ஓடத் தொடங்கியது. சரக்குக்கு யார் பொறுப்பு என்பதை 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் வகுத்தது. தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண மனிதன் எவ்வளவு கவனமாக வைத்துக்கொள்வானோ அவ்வளவு கவனம் ரயில்வேக்குப் போதும் என்றது 72ஆம் பிரிவு. சரக்கு எப்படிக் கெட்டது என்று வியாபாரி நிரூபிக்க வேண்டியதில்லை என்று 76ஆம் பிரிவு ஒரு பாதுகாப்பும் தந்தது. ஆனால் குறைந்த கட்டணத்தில் அனுப்ப வேண்டுமானால் ‘ரிஸ்க் நோட்’ என்ற தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்தப் பாதுகாப்பு கையை விட்டுப் போய்விடும்.

ரிஸ்க் நோட்டில் ‘பி’ என்ற படிவத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. முழு மூட்டை தொலைந்தால்தான் கேட்கலாம். பத்து மூட்டையிலும் பாதிப் பாதியாக எடுத்துவிட்டுத் தைத்து அனுப்பினால் ஒரு காசு கேட்க முடியாது. முழு மூட்டையே போயிருந்தாலும், ரயில்வே ஊழியர் திருடினார் அல்லது வேண்டுமென்றே அசட்டையாக இருந்தார் என்று வியாபாரிதான் நிரூபிக்க வேண்டும். எந்த யார்டில் வேகன் எத்தனை நாள் நின்றது, சீல் எங்கே உடைந்தது, யார் காவலில் இருந்தது என்பதெல்லாம் எதிர்த்தரப்பின் பீரோவுக்குள் இருந்தன. தூரத்து ஊரில் கடை வைத்திருப்பவர் இதை எங்கே போய் நிரூபிப்பார்? சரக்கை எப்படிக் கையாண்டோம் என்று ரயில்வே வெளியே சொல்லியாக வேண்டும் என்ற நிபந்தனை 1924இல்தான் அந்தப் படிவத்தில் ஏறியது.

சான்று கையில் இருந்தும் தோற்றவர்கள் உண்டு. 77ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கிளெய்ம் கொடுக்க வேண்டும். உரிய அதிகாரிக்குத்தான் கொடுத்தாரா என்பதற்கே தனி வழக்கு நடந்திருக்கிறது. 1944இல் தென்னிந்திய ரயில்வேயும் மதராஸ் தென் மராட்டா ரயில்வேயும் அரசின் கைக்கு வந்த பிறகு, வழக்குப் போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே அரசுக்கு இன்னொரு நோட்டீஸ் கொடுக்க வேண்டியதாயிற்று. வழக்குக்கு அன்றைய காலக்கெடு ஒரு வருடம். பெரிய மண்டிகளில் கிளெய்முக்கென்றே ஒரு குமாஸ்தாவை வைத்திருந்தது இதனால்தான்.

1962 ஜனவரி 1 முதல் நிலைமை தலைகீழானது. முந்தைய ஆண்டு செய்த திருத்தம் அன்று நடைமுறைக்கு வந்தது. பொதுவாக, வழியில் சரக்குக்கு என்ன நேர்ந்தாலும் ரயில்வே பொறுப்பு. இயற்கைச் சீற்றம், போர், அனுப்பியவரின் தவறு, சரக்கின் இயல்பான தேய்மானம் போன்ற சில காரணங்களைக் காட்டினால்தான் தப்பலாம், அதையும் ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும். சாலை வழியே கூலிக்குச் சரக்கு ஏற்றுகிறவர்கள்மீது 1865ஆம் ஆண்டின் கேரியர்ஸ் சட்டம் இதற்கு நிகரான பொறுப்பை ஏற்கெனவே சுமத்தியிருந்தது. ரயில் மட்டும் நெடுங்காலம் விலகி நின்றது. நான் அந்த இலாகாவின் சோற்றைத் தின்றவன். ஆனாலும் அது நியாயம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதன் பிறகும் ஓர் ஓட்டை இருந்தது. அனுப்புகிறவரே வேகனில் ஏற்றி, ரயில்வே ஆள் எண்ணிப் பார்க்காமல், அதை ரசீதிலும் குறித்துவிட்டால், உள்ளே எத்தனை மூட்டை இருந்தது என்று நிரூபிப்பது வியாபாரியின் பாடு. இன்றைய 1989ஆம் ஆண்டு சட்டத்தின் 65ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. சீல் முழுசாக வந்து மூட்டை குறைந்திருந்தால் அவர் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

அதே சட்டத்தின் 81ஆம் பிரிவு, சேதமான அல்லது கைவைத்த அடையாளம் உள்ள சரக்கை வாங்குபவர் கேட்டால் திறந்து காட்டிக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. என் பேத்தி ஆன்லைனில் வாங்கும் பொட்டலத்துக்கு அப்படி இல்லை. நசுங்கிய அட்டைப்பெட்டியோடு பையன் வாசலில் நிற்கிறான், ஓடிபி கேட்கிறான், போய்விடுகிறான். பிறகு கஸ்டமர் கேரில், பெட்டியைப் பிரித்தபோது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று இவளைக் கேட்கிறார்கள். தனியாக எடுத்த அந்த வீடியோவில் மறுதரப்பின் கையெழுத்து இல்லை. விலை உயர்ந்த போன்களைச் சில கம்பெனிகள் வாசலிலேயே பிரித்துக் காட்டுகின்றன. அதுவும் அவர்களாகப் பார்த்துத் தரும் வசதிதான். 81ஆம் பிரிவு போல ஒரு வரி வீட்டு வாசலுக்கு வரும் சரக்குக்கும் சட்டத்தில் வேண்டும். பிரித்துப் பார்க்கும் நேரம் அந்தப் பையனின் வேலை நேரத்தில் சேர வேண்டும். சேதம் என்று அவன் எழுதிக் கொடுத்தால் அதற்காக அவன் கூலியில் கை வைக்கக் கூடாது.