கனம் போன வழி

உடையார்பாளையம் ஜமீனில் ஒரு பாடகர் இருந்தார். பெயர் கிருஷ்ணையர். ஊர்ப்பெயருக்கு வழிவிடாமல் அவர் பாடிய பாணியின் பெயரே முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டது. கனம் கிருஷ்ணையர் என்று சொன்னால்தான் 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை, திருச்சி வட்டாரங்களில் ஆளை அடையாளம் தெரியும். உடையார்பாளையத்தை அடுத்த திருக்குன்றம் அவர் பிறந்த ஊர்.

பழைய வித்துவான்கள் பாடும் முறையை கனம், நயம், தேசிகம் என மூன்றாகப் பிரித்தார்கள். மூன்றிலும் உடம்பைப் பிழிந்தெடுப்பது கனம். அடிவயிற்றிலிருந்து மூச்சைத் திரட்டி, தொண்டை கம்மாமல், சுருதி விலகாமல் கனத்த குரலில் பாட வேண்டும். ராகமும் தாளமும் தெரிந்தால் போதாது, அதைத் தாங்கும் உடற்கட்டும் வேண்டும். ஆந்திரப் பக்கத்துப் பொப்பிலியிலிருந்து கேசவையா என்ற வித்துவான் தஞ்சைச் சீமைக்கு வந்து கன மார்க்கத்தில் பாடிக் காட்டியபோது அங்கிருந்த பெரிய வித்துவான்களே திகைத்தார்களாம். அதைக் கற்றுக்கொள்ளத் துணிந்து முன்வந்த இளைஞர்தான் கிருஷ்ணையர். கடும் சாதகம் செய்து அந்தப் பாணியைத் தன் குரலுக்குள் கொண்டுவந்தார். பட்டம் கொடுத்தது எந்த சபையும் அல்ல. கேட்டவர்கள் வாயில் தானாக வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அவரை ஆதரித்தது உடையார்பாளையம் ஜமீன். கச்சிரங்கர், கச்சிக் கல்யாணரங்கர் என்ற பெயர்கள் அவருடைய வரலாற்றோடு பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. ஜமீன்தாரையே பாட்டுடைத் தலைவனாக வைத்துத் தமிழில் பதங்கள் பாடினார். வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமாரசுவாமி மீதும் பாடினார். தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியில் இடமில்லை என்று பிற்காலத்தில் ஒரு பெரிய சண்டை நடந்ததே, அது மூள்வதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டோரத்து ஜமீன் ஒன்றில் தமிழ்ப் பதம் அரங்கேறிக்கொண்டிருந்தது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியாரும் கிருஷ்ணையரிடம் பயின்றவர் என்பார்கள்.

இவ்வளவு இருந்தும் கனம் அவரோடு ஏறத்தாழ முடிந்துபோனது. அது முடிந்த விதத்தில் ஒரு விசித்திரம் உண்டு.

கிருஷ்ணையரின் உறவினரும் மாணவருமான வேங்கடசுப்பையர் நல்ல பாடகர். ஜமீன் ஆதரவு தேய்ந்த காலம் அவருக்கு வாய்த்தது. அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராகப் போய் இராமாயணக் கதை சொல்லி, ஊரார் கொடுத்ததைக் கொண்டு குடும்பம் நடத்தினார். அப்பாவோடு அலைந்த சிறுவன் அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் கற்றான். அந்தச் சிறுவன்தான் உ.வே.சாமிநாதையர். மகன் சங்கீதத்தில் தேற வேண்டும் என்பது தந்தையின் ஆசை. 1870களின் தொடக்கத்தில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோதுகூட, அங்கிருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதப் பயிற்சிக்கு ஏற்பாடாகியிருந்தது. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கணத்தில் நிற்காது என்பது பிள்ளையின் எண்ணம். மாணவர் பாட்டை விட்டுவிட்டார்.

கிருஷ்ணையரிடமிருந்து இரண்டு வழியாக வந்த பாட்டும் சேர்ந்திருக்கக்கூடிய இடம் அந்த ஒரு இளைஞனின் தொண்டை. ஒரு வழி தந்தை, இன்னொன்று பாரதியார். அந்தத் தொண்டை மூடியதால் 1887இல் சீவகசிந்தாமணி அச்சேறியது, பத்துப்பாட்டும் புறநானூறும் பின்தொடர்ந்தன. இந்தப் பேரத்தில் தமிழுக்கு நட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. கனத்துக்கு நட்டம்தான். அந்தக் கடன் அவர் மனத்தில் உறுத்தியிருக்க வேண்டும். எண்பது வயது தாண்டியபின் 1936இல் கனம் கிருஷ்ணையரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதி வெளியிட்டார். சாகித்தியம் அச்சில் நிற்கும். குரல் நிற்காது. எடிசன் பேச்சுப் பதிவுக் கருவியைச் செய்தது 1877இல், கிருஷ்ணையர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு.

உடையார்பாளையம் இருக்கும் அதே அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில், வேறு ஒரு பாட்டு ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஓயாமல் கேட்கிறது. திருமழபாடி. தேவார மூவரும் பாடிய தலம். ஆலம்பொழிலில் தங்கியிருந்த சுந்தரர் கனவில் இறைவன் வந்து, மழபாடியை மறந்தாயோ என்று கேட்டதாகப் பெரியபுராணம் சொல்லும். அதைக் கேட்டு ஓடிவந்து அவர் பாடிய பதிகம் சைவ வீடுகளில் குழந்தைகளுக்கும் மனப்பாடம். பங்குனியில் நடக்கும் நந்தி கல்யாணத்தைப் பார்த்தால் முந்திக் கல்யாணம் ஆகும் என்று நம்பி வரும் கூட்டமே அந்த ஊருக்குத் தனி அடையாளம். பக்கத்தில் கீழப்பழுவூர் ஆலந்துறை, கொள்ளிடத்தை ஒட்டிய கோவிந்தபுத்தூர் என்று பாடல் பெற்ற தலங்கள் இன்னும் உண்டு. கங்கைகொண்ட சோழீச்சரத்துக்குக் கருவூர்த் தேவரின் திருவிசைப்பா இருக்கிறது.

திருமழபாடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு, பாதுகாப்பைப் பற்றிப் பேசும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. முதலாம் இராசராசன் காலத்தில் பழைய விமானத்தைப் பிரித்துக் கட்ட உத்தரவானது. சுவரில் இருந்த பழைய கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படி எடுத்துவைத்துக்கொண்டு பிறகுதான் பிரித்தார்கள். இராசேந்திரன் காலத்தில் புதுச் சுவரில் அவற்றைத் திரும்ப வெட்டினார்கள். (எண்ணூறு ஆண்டு கழித்து, கங்கைகொண்ட சோழபுரத்து மதிற்கற்களைப் பெயர்த்துக்கொண்டுபோய் 1836இல் கீழணை கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர்களுக்கு இந்தப் பொறுமை இல்லை.)

பாட்டுக்கும் இதே கணக்குதான். தஞ்சைப் பெரிய கோயிலில் தேவாரத் திருப்பதியம் பாட இராசராசன் பிடாரர் நாற்பத்தெட்டுப் பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தினான். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். பெயர்ப் பட்டியல் முழுவதும் கல்லில் இருக்கிறது. முக்கியமானது பட்டியலுக்கு முன்னால் வரும் நிபந்தனை. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். அவருக்குப் பாடத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஆளை அவர் நியமிக்க வேண்டும். உறவே இல்லையென்றால் மற்றப் பாடகர்கள் கூடி ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குரல் நின்றுபோகும் ஒவ்வொரு வழியையும் யோசித்து அடைத்திருக்கிறார்கள். தேவாரத்தைப் பக்தி காத்தது என்று சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. பக்தியோடு நெல்லும், காலியிடம் நிரப்பும் விதியும் சேர்ந்தே காத்தன. உடையார்பாளையத்துப் பாடகருக்கு நெல் கிடைத்தது, விதி கிடைக்கவில்லை. இன்று ஓதுவார் பாடும் பண் அன்றைய பண்தானா என்பது வேறு வழக்கு. பாட ஆள் இருக்கிறார் என்பதால்தான் அந்த வழக்கே நடக்கிறது.

அந்தப் பண்களும் ஒருமுறை தொலைந்துபோயின என்பது மரபு. தில்லையில் கறையான் அரித்தது போக மீந்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் மீட்ட கதையைத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. ஏடு கிடைத்தாலும் இசை கிடைக்கவில்லை. அரியலூர் மாவட்டத்தின் வடக்கு எல்லையைத் தாண்டி விருத்தாசலம் சாலையில் போனால் வரும் இராசேந்திரப்பட்டினம் அன்றைய திருஎருக்கத்தம்புலியூர். சம்பந்தரோடு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். அந்தப் பாணர் மரபில் வந்த ஒரு பெண் பதிகங்களுக்குப் பண் வகுத்துத் தந்தாள் என்கிறது புராணம். அவள் பெயரைப் புராணம் சொல்லவில்லை. பாணர் கோயிலுக்குள் நுழையத் தயங்கி வாசலில் நின்ற குலத்தார். அவள் வகுத்துத் தந்த பண்ணைப் பாடும் ஓதுவார் பணியில் அறநிலையத் துறைக் கோயில் ஒன்றில் ஒரு பெண் அமர 2006 ஆகிவிட்டது. திருச்சி உறையூர்ப் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் தலித் சமூகத்துப் பெண் ஒருவர் அப்போது நியமிக்கப்பட்டார்.

பாட்டைக் காக்க வந்தவர்கள் பாட்டைத் தந்தவர்களை வாசலில் நிறுத்துவது இங்கு மட்டும் நடந்த கதை அல்ல. அமெரிக்காவில் 1938 ஏப்ரல் 11ஆம் தேதி இரவு, ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் ஒரு கிளப்பின் மாடியில் 26 ஆண்கள் கூடிப் பாடினார்கள். கூட்டியவர்கள் ஓ.சி.காஷ் என்ற வரி வழக்கறிஞரும் ரூபர்ட் ஹால் என்ற முதலீட்டு வங்கியாளரும். பாடியது சவரக்கடைப் பாட்டு. வாத்தியம் கிடையாது, நான்கு குரல்கள்தான். ஒருவர் மெட்டைப் பாட, ஒருவர் அதற்கு மேலும், ஒருவர் அடியிலும், ஒருவர் இடைவெளியை நிரப்பியும் பாடுவார். நாலும் சரியாகப் பொருந்தினால் யாருமே பாடாத ஐந்தாவது சுரம் ஒன்று மேலே ரீங்கரிக்கும். அந்த ரீங்காரத்துக்காகத்தான் இத்தனை பாடும். வாய்க்குள் நுழையாத நீளப் பெயரில் ஒரு பாதுகாப்புச் சங்கத்தை அவர்கள் தொடங்கினார்கள். அரசாங்கம் அப்போது வரிசையாகத் தொடங்கிய எழுத்துச் சுருக்க அமைப்புகளைக் கிண்டல் செய்யத்தான் அந்தப் பெயர். கிண்டல் சங்கமாக வளர்ந்தது. அங்கே நெல்லும் இல்லை, மன்னரும் இல்லை. உறுப்பினர் சந்தாவும் போட்டியும் பொழுதுபோக்குப் பாடகர்களின் பிடிவாதமும் அதை நடத்தின.

அந்தப் பாட்டு தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் சவரக்கடைகளிலும் தெருமுனைகளிலும் பிறந்து வளர்ந்தது என்பதை லின் ஆபட் என்ற ஆய்வாளர் 1992இல் சான்றுகளோடு எழுதினார். முடி திருத்தும் இடமும் இசையும் ஒட்டிப் பிறந்தது தமிழர்களுக்கு வியப்பாக இருக்காது. நம் ஊர்களில் பல இடங்களில் கல்யாணத்துக்கு நாகசுரமும் மேளமும் வாசித்தவர்கள் முடி திருத்தும் மருத்துவர் சமூகத்தார்தான். டல்சா சங்கமோ கறுப்பினத்தாரைச் சேர்க்கவில்லை. 1941இல் நியூயார்க்கில் வென்ற, ரயில் நிலையச் சுமைதூக்குவோரான நால்வர் குழு ஒன்றைத் தேசியப் போட்டிக்கு வரவிடாமல் தடுத்தது. அதைக் கண்டித்து நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர் ஆல் ஸ்மித் உள்ளிட்டோர் சங்கத்தைவிட்டு விலகினார்கள். தடை நீங்க 1963 ஆனது. பெண்களைச் சமமாகச் சேர்த்துக்கொள்ள 2018 ஆனது.

சுமைதூக்கும் பாடகர்கள் தடுக்கப்பட்ட அதே 1941இல்தான், கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. 1949 முதல் அது பண் ஆராய்ச்சிக் கூட்டம் நடத்திவருகிறது. ஓதுவார்களும் இசை அறிஞர்களும் ஒரே மேடையில் உட்கார்ந்து ஒரு பண்ணை எப்படிப் பாடுவது என்று வாதாடுவது தமிழ்நாட்டில் வேறெங்கும் அதிகம் நடக்காத காரியம். கிருஷ்ணையர் போன்றோரின் தமிழ்ப் பதங்களுக்கும் இந்த இயக்கத்துக்குப் பிறகு மேடையில் மரியாதை கூடியது. பதத்தைப் பாடினார்கள், கனத்தில் அல்ல.

நான்கு குரல் இசைவும் தேவார மண்ணும் சந்திக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மேற்கத்திய சேர்ந்திசையோடு திருவாசகத்தை 2005இல் வெளியிட்ட இளையராஜா, 2025 ஜூலை 27ஆம் தேதி ஆடித் திருவாதிரை விழாவில் கங்கைகொண்ட சோழபுரத்திலேயே திருவாசக இசை நிகழ்ச்சி நடத்தினார். கூட்டமும் கேமராவும் மறுநாள் கலைந்தன. தினப்படி வேலை வேறு இடத்தில் நடக்கிறது. பெரம்பலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் சொல்லித்தருகிறார்கள். மூன்றாண்டுப் படிப்பு. பன்னிரண்டு வயது நிறைந்த ஆணும் பெண்ணும் சேரலாம்.