வயர்லெஸ் கம்பியும் ஒக்கிப் புயலும்

பழைய ராணுவ ஜீப்பின் படம் எதையாவது பாருங்கள். பின்பக்கம் ஆளுயரத்துக்கு மேலே ஒரு கம்பி நிற்கும். இன்றைக்கு வண்டிகளில் மாட்டுகிற வயர்லெஸ் கம்பி ஒரு முழம் இருந்தால் அதிகம். வித்தியாசத்துக்குக் காரணம் அலைநீளம். பேசுகிற அலையின் நீளத்தில் கால் பங்குக்குக் கம்பி வேண்டும். 40 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 1.9 மீட்டர். கடலில் அபாய அழைப்புக்கு வைத்திருக்கிற 16-ஆம் சானல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதற்கு 48 சென்டிமீட்டர் போதும்.

கால் பங்கு எப்படிப் போதுமாகிறது? 1890-களில் மார்க்கோனி கம்பியின் ஒரு முனையை உயரத் தூக்கி, செட்டின் மறுமுனையை மண்ணோடு இணைத்தார். மீதிப் பாதியின் வேலையை மண் செய்தது. ஜீப்பில் அந்த மண், தகரக் கூரை. கூரையின் நடுவில் மாட்டினால் நாலாபக்கமும் ஒரேபோல் கேட்கும். பம்பரில் மாட்டினால் வீச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

இதே கம்பியை ஃபைபர் படகின் கேபின்மேல் நட்டால் சரிவராது, அடியில் உலோகம் இல்லையே. அதனால் படகுக்கென்று வருகிற ஆண்டெனா வேறு மாதிரி: அரை அலை நீளம், அல்லது அப்படிப்பட்ட பல துண்டுகளை ஒரு வெள்ளைக் குழாய்க்குள் அடுக்கியது. தனக்கு வேண்டிய மறுபாதியை அது தானே வைத்திருக்கும்.

சரி, நல்ல ஆண்டெனாவே மாட்டியாச்சு. எவ்வளவு தூரம் கேட்கும்? இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. ஆண்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் அதன் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 6 மீட்டர் உயரத்துக்கு 10 கிலோமீட்டர். எதிர்ப்படகுக்கும் அதே உயரம் என்றால் மொத்தம் 20. கரையில் 50 மீட்டர் கோபுரம் இருந்தால் சுமார் 39. கடல் செட்டுக்கு உச்சவரம்பு 25 வாட். அதை நூறாக்கினாலும் வளைவுக்கு அந்தப்பக்கம் பெரிதாக எதுவும் போகாது.

இப்போது நம்ம தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்களை நினைத்துப் பாருங்கள். சுறாவுக்கும் சூரைக்கும் அரபிக்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். 2017 நவம்பர் 29-ஆம் தேதி இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக்கடலில் ஒக்கிப் புயலாகிவிட்டது. எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் ஏற்கெனவே வெகு தூரத்தில் நின்றன. பக்கத்து மலை ஒன்றில் 500 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா வைத்து அழைத்திருந்தாலும், கணக்குப்படி 102 கிலோமீட்டர்தான் எட்டியிருக்கும். மிச்ச தூரத்துக்கு ஒரே வழி, ஒரு படகு கேட்டதை அடுத்த படகுக்குச் சொல்வது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் அதற்கு அப்பால் நிற்பவனுக்குச் சேதி கிடையாது. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்களை அந்தப் புயலில் இழந்தோம்.

நீண்ட தூரத்துக்கு வேறு அலை இல்லையா என்றால், இருக்கிறது. வானத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி வரும் ஹெச்எஃப் அலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஆனால் 6 மெகாஹெர்ட்ஸில் கால் அலையே பன்னிரண்டரை மீட்டர். கம்பியைக் குறைத்தால் சுருளும் டியூனரும் கடல்நீரைத் தொடும் எர்த்தும் வேண்டும். வலையும் கயிறும் ஐஸும் ஆட்களும் நெருக்கியடிக்கும் படகில் அது சின்ன வேலை இல்லை.

ஒக்கிக்குப் பிறகு வழி மேல்நோக்கித் திரும்பியது. 2019-இல் வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டுவரும். பதில் அனுப்ப முடியாது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு, இருபக்கமும் குறுஞ்செய்தி போகும் டிரான்ஸ்பாண்டர் என்று இலக்கு வைத்தார்கள். இந்தக் கருவிக்கு 6 மீட்டர் கம்பம் அவசியமில்லை, மறைப்பில்லாமல் வானம் தெரிந்தால் போதும்.

ஆனாலும் பழைய வயர்லெஸை யாரும் கழற்றிவிடக் கூடாது. கவிழ்ந்த படகைத் தேடிப் போக முதலில் முடிவது, 20 கிலோமீட்டருக்குள் நிற்கிற இன்னொரு படகுக்குத்தான். அதனால் கம்பத்தை இன்னும் இரண்டு மீட்டர் உயர்த்துவதும், உப்பேறிய கனெக்டரை மாற்றுவதும் உயிர்காக்கிற வேலைதான்.