தோற்ற ஹோம்ஸை ஜெயிக்கவைத்த படம்

1915 மே மாத 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் ஒரு தொடர்கதை முடிந்தது. ஷெர்லக் ஹோம்ஸ் வரும் நான்காவது நாவல், கடைசி நாவலும் அதுதான்: 'தி வேலி ஆஃப் ஃபியர்'. ஒன்பது மாதம் காத்திருந்து படித்தவர்களுக்கு ஆர்தர் கானன் டாயில் கசப்பான முடிவைக் கொடுத்தார். மர்மத்தை ஹோம்ஸ் அவிழ்த்துவிட்டார். செத்ததாக நம்பப்பட்ட ஜான் டக்ளஸை உயிரோடு வெளியே கொண்டுவந்தார். இங்கிலாந்தில் இருக்காதீர்கள் என்று எச்சரித்து அனுப்பியும் வைத்தார். ஆனால், தென்னாப்பிரிக்காவுக்குப் போன கப்பலில், செயின்ட் ஹெலினா தீவுக்கு அருகே டக்ளஸ் கடலில் விழுந்து காணாமல் போனார். பேக்கர் தெருவுக்குக் கேலியாக ஒரு துண்டுச்சீட்டு வந்தது. அதில் கையெழுத்து இல்லை. அனுப்பியது தன் பரம எதிரி பேராசிரியர் மோரியார்ட்டி என்பதில் ஹோம்ஸுக்குச் சந்தேகமும் இல்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1935இல், இதே கதை படமாக வந்தது. தலைப்பே முடிவைச் சொல்லிவிட்டது: 'தி ட்ரையம்ப் ஆஃப் ஷெர்லக் ஹோம்ஸ்'. அதாவது, ஹோம்ஸின் வெற்றி!

தோல்வியில் முடிந்த கதை வெற்றிக் கதையாக மாறியது எப்படி? அதைச் சொல்வதற்கு முன் நிஜத்தில் வாழ்ந்த இரண்டு பேரைப் பார்த்துவிட வேண்டும். ஒருவர் திருடர், இன்னொருவர் உளவாளி.

கனவான் வேடத்தில் ஒரு திருடர்

ஆடம் வொர்த் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில், பட்டாளத்தில் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டுவது, வேறு பெயரில் வேறு படையில் சேர்ந்து மறுபடியும் வாங்குவது என்று தொழிலை ஆரம்பித்தார். பிறகு வங்கிக் கொள்ளை. 1870களில் லண்டனுக்கு வந்து, ஹென்றி ரேமண்ட் என்ற பெயரில் பிக்காடிலியில் குடியேறினார். பந்தயக் குதிரை, உல்லாசப் படகு, விருந்துகள் என்று வாழ்ந்தார். திட்டம் அவருடையது, களத்தில் இறங்குவது மற்றவர்கள். மாட்டிக்கொள்கிற ஆளுக்குத் தன் மேலே யார் இருக்கிறார் என்று தெரியாது. துப்பாக்கியைத் தொடக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பான விதி.

1876 மே மாதம் ஒரு திருட்டுக்கு அவரே இறங்கினார். லண்டன் ஓல்டு பாண்ட் தெருவில் ஆக்னியூ நிறுவனத்தின் ஓவியக் கூடம். கெய்ன்ஸ்பரோ வரைந்த டெவன்ஷயர் சீமாட்டியின் படம் அங்கே மாட்டியிருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் 10,000 கினிக்கு மேல் கொடுத்து அதை ஏலத்தில் எடுத்திருந்தார்கள். கூட்டாளியின் தோளில் ஏறி ஜன்னல் வழியே உள்ளே போன வொர்த், சட்டத்திலிருந்து படத்தை அறுத்து எடுத்துச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். விற்கவில்லை. 25 ஆண்டுகள் தன்னிடமே வைத்திருந்து, 1901இல் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தின் மூலமாகப் பணம் பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி ராபர்ட் ஆண்டர்சன், வொர்த்தைக் குற்ற உலகின் நெப்போலியன் என்று சொன்னதாகப் பேச்சு உண்டு. 1893 டிசம்பரில் 'தி ஃபைனல் பிராப்ளம்' கதையில் மோரியார்ட்டியை அறிமுகம் செய்தபோது டாயில் அவருக்குக் கொடுத்த பட்டமும் அதுதான். 'வேலி ஆஃப் ஃபியர்' நாவலில் இந்த உறவு இன்னும் பச்சையாகத் தெரிகிறது. மோரியார்ட்டியின் மேஜைக்குப் பின்னால், சுவரில், க்ரூஸ் என்ற பிரெஞ்சு ஓவியரின் படம் தொங்குகிறது. கணிதப் பேராசிரியருக்கு ஆண்டுச் சம்பளம் 700 பவுண்டு. அந்தச் சம்பளத்தில் இந்தப் படத்தை வாங்க முடியுமா? ஹோம்ஸ் எடுத்துக்காட்டும் துப்பு இந்தக் கணக்குதான். வொர்த்தின் வாழ்க்கையைக் கேள்விப்பட்டவர்களுக்கு, சுவரில் தொங்கும் அந்தப் படம் எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சுரங்கத்துக்குள் ஓர் உளவாளி

நாவலின் இரண்டாம் பாதி அமெரிக்க நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் போகிறது. ரகசியச் சங்கம் ஒன்று கொலையும் மிரட்டலுமாகப் பள்ளத்தாக்கை ஆட்டிப்படைக்கிறது. அதில் உறுப்பினராகச் சேர்ந்து, உள்ளிருந்தே அதை உடைக்கிறார் ஒரு பிங்கர்ட்டன் துப்பறிவாளர். தப்பிப் பிழைத்து இங்கிலாந்துக்கு வந்து, ஜான் டக்ளஸ் என்ற பெயரில் வாழ்பவர் அவர்தான்.

இதுவும் கற்பனை இல்லை. அயர்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் மெக்பார்லன், 1873இல் பிங்கர்ட்டன் நிறுவனத்தின் ஆளாக பென்சில்வேனியா சுரங்கப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். ஜேம்ஸ் மெக்கென்னா என்று பெயரை மாற்றிக்கொண்டு, ஐரிஷ் தொழிலாளர்களோடு குடித்து, பாடி, சண்டை போட்டு, 'மாலி மகுவையர்ஸ்' என்று அழைக்கப்பட்ட ரகசியக் கூட்டத்தில் கலந்தார். அவரை அனுப்பச் சொன்னவர் பிலடெல்ஃபியா ரீடிங் ரயில் கம்பெனித் தலைவர் ஃபிராங்க்ளின் கவன். அதே பகுதியில் சுரங்கங்களும் அந்தக் கம்பெனியின் கையில் இருந்தன. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது, அரசுத் தரப்பில் வாதாட எழுந்தவர்களில் கவனும் ஒருவர்! புகார் கொடுத்த முதலாளியே வக்கீல், அவர் காசில் வேலை பார்த்த உளவாளி முக்கிய சாட்சி.

1877 ஜூன் 21 அன்று மட்டும் 10 பேரைத் தூக்கிலிட்டார்கள். மொத்தம் 20 பேர். அவர்களில் கொலை செய்தவர்களும் இருந்திருக்கலாம். சங்கம் வைத்துக் கூலி கேட்டதால் மாட்டியவர்களும் இருந்திருக்கலாம். தலைவன் என்று சொல்லித் தூக்கிலிடப்பட்ட ஜான் கீஹோவுக்கு 1979இல் பென்சில்வேனியா ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். தூக்கு நடந்து நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

டாயில் இந்த இரண்டு கதைகளையும் ஒட்டவைத்தார். அமெரிக்கக் கூட்டம் டக்ளஸைத் தேடி இங்கிலாந்துக்கு வருகிறது. உள்ளூரில் ஆலோசனை சொல்ல மோரியார்ட்டியை அமர்த்திக்கொள்கிறது. ரத்தம் சிந்தாத திருடரைக் கொலைகாரக் கும்பலுக்கு ஆலோசகராக்கியது டாயிலின் கைவேலை.

சட்டம் பெற்ற படங்கள்

இனி சினிமாவுக்கு வருவோம். 1920களின் நடுவில் பிரிட்டிஷ் தியேட்டர்களில் ஓடிய படங்களில் பெரும்பாலானவை ஹாலிவுட் சரக்கு. உள்நாட்டுப் படங்கள் நூற்றுக்கு ஐந்து தேறினாலே அதிகம். 1927இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. விநியோகஸ்தர்கள் 7.5 சதவீதம், தியேட்டர்காரர்கள் 5 சதவீதம் பிரிட்டிஷ் படங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். இது படிப்படியாக 20 சதவீதம் வரை உயரும். அமெரிக்கக் கம்பெனிகள் சட்டத்துக்கு வழி கண்டுபிடித்தன. மலிவாக, வேகமாகப் படம் எடுத்துக்கொடுக்க உள்ளூர்த் தயாரிப்பாளர்களைப் பிடித்தன. ஃபிலிம் ஓர் அடிக்கு ஒரு பவுண்டு என்பது புழக்கத்தில் இருந்த ரேட். இந்தப் படங்களுக்கு 'கோட்டா க்விக்கி' என்று கேலிப் பெயர்.

அந்தச் சந்தையில் கொடிகட்டிப் பறந்தவர் ஜூலியஸ் ஹேகன். அவருடைய ட்விக்கனம் ஸ்டூடியோ, பழைய பனிச்சறுக்கு மைதானம் ஒன்று இருந்த இடத்தில் 1913இல் உருவானது. பகலில் ஒரு படம், இரவில் இன்னொரு படம் என்று இருபத்துநான்கு மணி நேரமும் அங்கே விளக்கு எரிந்தது. பகல் குழு வீட்டுக்குப் போகும் நேரத்தில் இரவுக் குழு உள்ளே வரும். அந்தப் பரபரப்பிலிருந்து 1931இல் வந்தது 'தி ஸ்லீப்பிங் கார்டினல்'. ஆர்தர் வான்ட்னர் ஹோம்ஸாக நடித்த முதல் படம்.

வான்ட்னர் மேடை நடிகர். 1930இல் செக்ஸ்டன் பிளேக் என்ற இன்னொரு துப்பறிவாளராக நாடகத்தில் நடித்தபோது, ஹோம்ஸ் சாயல் இருக்கிறதே என்று சினிமாக்காரர்கள் கண்ணில் பட்டார். ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் சிட்னி பேஜட் வரைந்த முகம் அப்படியே: ஏறிய நெற்றி, கூர்மூக்கு, ஒடுங்கிய கன்னம். ஐந்து படங்களில் நடித்தார். இரண்டாவது படமான 'தி மிஸ்ஸிங் ரெம்ப்ராண்ட்' இன்று எங்கும் கிடைக்கவில்லை.

நிழலுக்கு முகம் வந்தது

நான்காவது படம்தான் 'ட்ரையம்ப்'. லெஸ்லி ஹிஸ்காட் இயக்கினார். வான்ட்னருக்கு அப்போது வயது 60. திரைக்கதை அந்த வயதையே பயன்படுத்திக்கொண்டது. ஹோம்ஸ் தொழிலை விட்டுவிட்டு கிராமத்துக்குப் போகிறார் என்று படம் தொடங்குகிறது. மோரியார்ட்டி நேரிலேயே பேக்கர் தெருவுக்கு வருகிறார். மோரியார்ட்டியாக லின் ஹார்டிங். இவர் 1910இல் டாயிலே எழுதிய 'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்' நாடகத்தில் வில்லனாக நடித்துப் பெயர் வாங்கியவர். கனத்த உடம்பு, கனத்த குரல். ஒல்லியான வான்ட்னருக்கு எதிரே அவர் நின்றால் சண்டை என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

நாவலில் இந்தச் சந்திப்பு கிடையாது. அங்கே மோரியார்ட்டி ஒரு முறைகூட நம் கண்முன் வருவதில்லை. பெயர் அடிபடுகிறது, சுவரில் படம் தொங்குகிறது, கடைசியில் துண்டுச்சீட்டு வருகிறது, அவ்வளவுதான். பிடிக்க முடியாததால்தான் அவர் பயங்கரமானவர். கேமராவுக்கு அது போதாது. அதற்கு முகம் வேண்டும்.

கதையின் துப்பறியும் பகுதியில் நாவலுக்கும் படத்துக்கும் அதிக தூரம் இல்லை. நாவலில் வரும் ஒரு துப்பைச் சொல்லாமல் விட முடியாது. அகழி சூழ்ந்த பழைய மாளிகையில் முகம் சிதைந்த பிணம் கிடக்கிறது. அறையில் உடற்பயிற்சிக்கான டம்பெல் ஒன்றே ஒன்று இருக்கிறது. ஜோடியில் மற்றது எங்கே என்று ஹோம்ஸ் கேட்கிறார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கணக்கு வேறு: ஜன்னலுக்குக் கீழே தண்ணீர், அறையில் ஒரு கனமான பொருள் குறைகிறது, அப்படியானால் எதையோ மூழ்கடித்திருக்கிறார்கள். இரவில் தனியாக வந்து, நண்பர் வாட்சனிடம் கடன் வாங்கிய குடையின் வளைந்த பிடியால் அகழியைத் துழாவி, டம்பெல் கட்டிய துணிமூட்டையை வெளியே எடுக்கிறார். பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரிலேயே போட்டுவிடுகிறார்! நாளை அகழியை வற்றவைக்கப் போகிறோம் என்று வீட்டுக்காரர்களுக்கு ஒரு கடிதம் போகச் செய்கிறார். அன்றிரவு குளிரில் புதருக்குள் எல்லாரும் காத்திருக்க, மூட்டையை எடுக்க ஜன்னலில் ஓர் ஆள் எட்டிப்பார்க்கிறான். செத்தது டக்ளஸ் இல்லை, அவரைக் கொல்ல வந்தவன் என்ற உண்மை அதன் பிறகு வெளிவருகிறது.

முடிவில்தான் படம் டாயிலைக் கைவிடுகிறது. செயின்ட் ஹெலினா கிடையாது, துண்டுச்சீட்டு கிடையாது. டக்ளஸ் பிழைத்துக்கொள்கிறார். மோரியார்ட்டி கோட்டைக் கோபுரத்திலிருந்து கீழே விழுகிறார். 'தி ஃபைனல் பிராப்ளம்' கதையில் ரைஹன்பாக் அருவியில் டாயில் அவரைத் தள்ளிவிட்டதை, ஸ்டூடியோவுக்குள் செலவில்லாமல் முடித்துக்கொண்டார்கள்.

அந்த வெற்றியும் நிலைக்கவில்லை. 1937இல் வந்த 'சில்வர் பிளேஸ்' படத்தில் அதே லின் ஹார்டிங் அதே மோரியார்ட்டியாக வந்து நிற்கிறார். கோபுரத்திலிருந்து விழுந்தவர் பிழைத்தது எப்படி? படத்தில் பதில் இல்லை. டாயிலின் மூலக்கதையில் மோரியார்ட்டி கிடையாது என்பதும் அவர்களைத் தடுக்கவில்லை. வில்லன் டிக்கெட் விற்றார், அதனால் பிழைத்தார்.

பிழைக்காதவர் ஹேகன். 1937 தொடக்கத்தில் அவருடைய கம்பெனி கடனில் மூழ்கியது. 1940இல் இறந்தார். வான்ட்னர் மறுபடி திரையில் ஹோம்ஸாக நடிக்கவில்லை.

'ட்ரையம்ப்' படத்தை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். ஓடும் நேரம் ஒன்றரை மணிக்கும் குறைவு. ஒலி கரகரக்கும், அமெரிக்கக் காட்சிகள் ஸ்டூடியோவின் நாலு சுவருக்குள் எடுத்தவை என்று பார்த்தவுடன் தெரியும். ஆனால், திரையில் வந்த ஹோம்ஸ்களில் பேஜட்டின் சித்திரத்துக்கு இவ்வளவு நெருக்கமான முகம் வேறு இல்லை என்பது என் முடிவு. கதையைப் பொறுத்தவரை என் ஓட்டு டாயிலுக்குத்தான். மூளையுள்ள நல்லவன் ஜெயித்தே தீருவான் என்று படம் ஆறுதல் சொல்கிறது. பணமும் அமைப்பும் உள்ள எதிரியிடம் அவனும் தோற்கலாம் என்கிறது நாவல். பென்சில்வேனியாவின் வரலாறு நாவலின் பக்கம்தான் நிற்கிறது. படத்தைப் பார்க்கிறவர்கள் நாவலின் கடைசி அத்தியாயத்தையும் தேடிப் படித்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: 1939இல் ஹாலிவுட் ஹோம்ஸைத் தத்தெடுத்த கதை.